ஆல்ப்ஸ் மலைக்குடில்கள்: முதல்முறை போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஆல்ப்ஸ் மலைக்குப் போகத் திட்டமிடும் நண்பர்கள் சிகரத்தைப் பற்றி மாதக்கணக்கில் படிக்கிறார்கள். வழியில் இரவு தங்கப்போகும் குடிலைப் பற்றிய கேள்விகள் புறப்படுவதற்கு முந்தின நாள்தான் வருகின்றன. சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி ஆகிய நாடுகளில் உள்ள உயர்மலைக் குடில்களைப் பற்றி அப்படிக் கேட்கப்பட்டவற்றையும், யாரும் கேட்காவிட்டாலும் சொல்லியே தீர வேண்டியவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

மலைக்குடில் என்றால் என்ன? ஓட்டல் மாதிரியா?

சாலை முடிந்த இடத்திலிருந்து சில மணி நேரம் நடந்தால்தான் எட்டக்கூடிய தங்குமிடம் அது. கல்லாலோ மரத்தாலோ கட்டியிருப்பார்கள். பருவகாலத்தில் ஒரு பொறுப்பாளர் அங்கேயே தங்கி, சமைத்துப் போட்டு, படுக்க இடம் கொடுத்து, மறுநாள் வழி எப்படி இருக்கிறது என்றும் சொல்வார்.

மலையில் வழிப்போக்கருக்குப் புகலிடம் கொடுப்பது அங்கே மிகப் பழைய வழக்கம். சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடைப்பட்ட கணவாயில், 2469 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிரேட் செயின்ட் பெர்னார்ட் மடம் 11ஆம் நூற்றாண்டிலிருந்து அதைச் செய்துவருகிறது. மலையேறுபவர்களுக்கென்றே குடில் கட்டும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டில் வேர்பிடித்தது. மோன் பிளாங்க் சிகரத்துக்குப் போகும் வழியில், கிராண்ட் முலே என்ற பாறைமேல் 1853இல் ஒரு சிறு குடில் எழுந்தது. பிறகு மலையேற்றச் சங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின: 1862இல் ஆஸ்திரியா, 1863இல் சுவிட்சர்லாந்தும் இத்தாலியும், 1869இல் ஜெர்மனி, 1874இல் பிரான்ஸ். சுவிஸ் சங்கம் பிறந்த ஆண்டிலேயே டோடி மலையில் க்ரூன்ஹார்ன் குடிலைக் கட்டிவிட்டது. இன்று அந்தச் சங்கத்திடம் சுமார் 150 குடில்கள் இருக்கின்றன. ஜெர்மன் சங்கத்திடம் 300க்கு மேல். அவற்றில் பல ஆஸ்திரிய மண்ணில் நிற்கின்றன.

ஓட்டலோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். அங்கே வரும் ஒவ்வொரு மாவு மூட்டையும் எரிவாயு உருளையும் ஹெலிகாப்டரிலோ சரக்குக் கம்பிவடத்திலோ ஏறி வருகிறது. சில இடங்களில் கோவேறு கழுதை சுமந்து வருகிறது. சில இடங்களில் மனிதர்களே முதுகில் சுமக்கிறார்கள். சேரும் குப்பையும் அதே வழியில் கீழே போக வேண்டும். குடிலின் விதிகள் அத்தனையும் இந்த ஒன்றிலிருந்துதான் பிறக்கின்றன.

மலையேற்றப் பயிற்சி இல்லாதவர்கள் போகலாமா?

தாராளமாகப் போகலாம், ஆனால் குடிலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். "குடில்" என்ற ஒரே பெயருக்குள் எல்லாமே அடக்கம். ஒன்றரை மணி நேரம் புல்வெளியில் நடந்தால் வந்துவிடும் குடிலும் உண்டு. கயிறு கட்டிக்கொண்டு பனியாற்றை, அதாவது சரிவில் மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரளைக் கடந்தால்தான் எட்டக்கூடிய குடிலும் உண்டு.

சுவிட்சர்லாந்தில் நடைவழிகளை டி1 முதல் டி6 வரை தரம் பிரிக்கிறார்கள். டி1, டி2 வழிகளுக்கு நல்ல காலணியும் நடக்கும் பழக்கமும் போதும். டி3இல் வழுக்கினால் அடிபடக்கூடிய இடங்கள் வரும். டி4இலிருந்து கையையும் ஊன்றி ஏற வேண்டியிருக்கும். முதல்முறை போகிறவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். வழியில் அடையாளங்களும் இருக்கின்றன. மஞ்சள் பலகை சாதாரண நடைவழி. வெள்ளை, சிவப்பு, வெள்ளைக் கோடு மலைவழி. வெள்ளை, நீலம், வெள்ளைக் கோடு வந்தால் அது அனுபவசாலிகளுக்கான ஆல்பைன் வழி.

மஞ்சள் பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது. நீங்களே கணக்கிட ஓர் எளிய முறை இருக்கிறது. ஏற்றத்தில் மணிக்கு 300 மீட்டர், இறக்கத்தில் மணிக்கு 500 மீட்டர், சமதள தூரத்துக்கு மணிக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்துக்கான நேரம், தூரத்துக்கான நேரம் இரண்டையும் தனித்தனியே கண்டுபிடித்து, பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்டுங்கள். 8 கிலோமீட்டரில் 900 மீட்டர் ஏறினால், உயரத்துக்கு 3 மணி, தூரத்துக்கு 2 மணி. மொத்தம் 4 மணி நேரம். புகைப்படம் எடுப்பது, சாப்பிடுவது, மூச்சு வாங்குவது எல்லாம் இதற்கு மேல். முதல் பயணத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவு கட்டாயமா?

ஆம். ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகளில் பெயர்பெற்ற குடில்கள் பல வாரங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். மோன் பிளாங்கின் வழக்கமான பாதையில் 2019இலிருந்து தங்குமிடப் பதிவு இருந்தால்தான் மேலே போகலாம் என்று அரசு உத்தரவே இருக்கிறது. அந்தப் பாதையில் 3835 மீட்டரில் உள்ள கூதே குடிலில் 120 பேருக்குத்தான் இடம். மேட்டர்ஹார்ன் சிகரத்தின் அடியில், 3260 மீட்டரில் இருக்கும் ஹோர்ன்லி குடிலிலும் இதே நெருக்கடிதான். சுற்றிலும் கூடாரம் போடக் கூடாது.

பதிவு செய்வதைவிட முக்கியமானது, வர முடியாவிட்டால் ரத்து செய்வது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மழை என்று கேள்விப்பட்டதும் திட்டத்தைக் கைவிட்டு, பேசாமல் வேறெங்கோ போய்விடுகிறார்கள். அங்கே இரண்டு நஷ்டம். உங்களுக்காகச் சமைத்தது வீணாகிறது. அதைவிடப் பெரியது, மாலையில் நீங்கள் வந்து சேரவில்லை என்றால் வழியில் ஏதோ நடந்துவிட்டது என்று பொறுப்பாளர் கவலைப்படுவார். தேட ஆளனுப்பும் நிலைகூட வரலாம். ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும் காரியம். தாமதமாக வருவதாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். பல குடில்களில் மாலை 6 மணியளவில், தகவல் சொல்லாதவர்களின் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இடமே இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

பகல் வெளிச்சமும் நல்ல வானிலையும் இருந்து, கீழே இறங்கவோ அடுத்த குடிலுக்குப் போகவோ நேரமும் இருந்தால் அனுப்பலாம். உண்மையான ஆபத்தில் வருபவரை வெளியே நிறுத்த மாட்டார்கள். சாப்பாட்டு அறை பெஞ்சிலோ தரையிலோ இடம் கிடைக்கும். ஆனால் இதையே நம்பிக்கொண்டு பதிவில்லாமல் கிளம்புவது, உண்மையிலேயே ஆபத்தில் வருகிறவரின் இடத்தைப் பறிப்பதாகும்.

எவ்வளவு செலவாகும்? சங்கத்தில் சேர்ந்தால் லாபமா?

சுவிஸ் குடில்களில் படுக்கை, இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு மூன்றும் சேர்த்து உறுப்பினர் அல்லாதவருக்குப் பெரும்பாலும் 70 முதல் 100 பிராங்க் வரை ஆகிறது. ஆஸ்திரியாவில் இதைவிடக் குறைவு. ஜெர்மன், ஆஸ்திரிய சங்கக் குடில்களில் உறுப்பினர்களுக்கு ஓர் இரவுக்குக் குறைந்தது 10 யூரோ தள்ளுபடி உண்டு. சங்கங்கள் ஒன்றுக்கொன்று உடன்படிக்கை வைத்திருப்பதால், ஒரு நாட்டு உறுப்பினர் அட்டை பெரும்பாலும் மற்ற நாடுகளிலும் செல்லும்.

ஒரு கோடையில் நான்கைந்து இரவுகள் தங்குவதாக இருந்தால் சேர்ந்துவிடுவதே நல்லது. பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அதனோடு வரும் காப்பீடு. ஆஸ்திரிய சங்க உறுப்பினர்களுக்கு மலைமீட்புச் செலவும் அதில் அடங்கும். பிரான்ஸில் மலைமீட்பு இலவசம். சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் ஹெலிகாப்டர் வந்தால் கட்டணச் சீட்டும் பின்னாலேயே வரும். அது சிறிய தொகையல்ல.

கையில் ரொக்கம் எடுத்துச் செல்லுங்கள். அட்டை எடுக்கும் குடில்கள் கூடிவருகின்றன, ஆனால் இணைய இணைப்பு அறுந்துபோனால் அட்டை உதவாது.

குடிலுக்குள் நுழைந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

வாசலிலேயே காலணி அறை இருக்கும். காலணி, கைத்தடி, பனிக்கோடரி, காலணியில் மாட்டும் கிராம்பான் முட்கள் எல்லாம் அங்கேயே இருக்க வேண்டும். சுவரோரம் ரப்பர் செருப்புகள் அளவு வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டு உள்ளே போங்கள். உங்கள் காலணியை எங்கே வைத்தீர்கள் என்பதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன் தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒரே மாதிரியான நாற்பது ஜோடிகளுக்கு நடுவே தேட வேண்டியிருக்கும்.

பிறகு பொறுப்பாளரைப் பார்த்து வணக்கம் சொல்லி, பெயரைக் கொடுங்கள். குடில் பதிவேட்டை நீட்டுவார். தடித்த நோட்டுப் புத்தகம்; பெயர், ஊர், வந்த தேதி, எங்கிருந்து வந்தீர்கள், அடுத்து எங்கே போகிறீர்கள், எந்த வழியாக என்று கட்டங்கள் இருக்கும். இதை யாரும் அலட்சியமாக நிரப்பக் கூடாது. நீங்கள் காணாமல்போனால் மீட்புக் குழு முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். இரவில் தங்காமல் தேநீர் குடித்துவிட்டுப் போகிறவர்கள்கூட எழுதலாம், எழுத வேண்டும். திட்டம் மாறினால் அதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

எங்கே படுப்பது? போர்வை தருவார்களா?

பெரும்பாலும் பொது உறக்க அறைதான். நீளமான மரமேடையில் மெத்தைகள் வரிசையாக இருக்கும். உங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாதவர் படுத்திருப்பார். ஆண், பெண் என்று தனி அறை இராது. சில குடில்களில் நான்கு பேர், ஆறு பேர் அறைகள் உண்டு. தேவையென்றால் பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும்.

போர்வையும் தலையணையும் இருக்கும். உள்ளே விரித்துக்கொள்ளும் மெல்லிய உறக்க உறையை மட்டும் நீங்கள் கொண்டுபோக வேண்டும்; அது கட்டாயம். பருத்தியிலோ பட்டிலோ தைத்த பை அது, கையளவுக்குச் சுருங்கிவிடும். கனமான உறக்கப்பையைச் சுமக்க வேண்டியதில்லை. பழைய சங்கப் போர்வைகளைக் கவனித்தால் ஒரு முனையில் "கால் பக்கம்" என்று ஜெர்மன் மொழியில் நெய்திருப்பார்கள். அந்த முனை காலில்தான் இருக்க வேண்டும். நேற்று இன்னொருவர் காலுக்குப் போட்ட முனை இன்று உங்கள் முகத்துக்கு வரக் கூடாது என்ற அக்கறை அது.

மூட்டைப்பூச்சி பரவாமலிருக்க, முதுகுப்பையை உறக்க அறைக்குக் கொண்டுவரக் கூடாது என்று சில குடில்களில் சொல்வார்கள். வேண்டியதை மட்டும் ஒரு சிறு கூடையில் எடுத்துப்போகச் சொல்வார்கள். இரவு 10 மணிக்கு விளக்கு அணையும். காதடைப்பான் அவசியம் எடுத்துச் செல்லுங்கள். மறுநாள் காலைக்கான பொருள்களைப் படுக்கும் முன்பே ஒழுங்குபடுத்திவிடுங்கள். அதிகாலை இருட்டில் பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று கிளறுகிறவரால் மொத்த அறையும் விழித்துக்கொள்ளும்.

சாப்பாடு எப்படி? சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், பதிவு செய்யும்போதே சொன்னால். போய் உட்கார்ந்த பிறகு சொன்னால் சங்கடம். முட்டை, பால் சாப்பிடுவீர்களா என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இரவுச் சாப்பாடு எல்லோருக்கும் ஒரே நேரத்தில், மாலை ஆறரை மணி வாக்கில். சூப், பிறகு சாலட், பிறகு பாஸ்தாவோ அரிசியோ உருளைக்கிழங்கோ, கடைசியில் ஒரு சிறு இனிப்பு. நீண்ட மேசையில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாறிக்கொள்வார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பேசத் தயங்காதீர்கள். நீங்கள் நாளை போகப்போகும் வழியில் இன்று காலை நடந்து வந்தவர் அவராக இருக்கலாம். ஓடை பெருகியிருக்கிறதா, எந்த இடத்தில் பனி கடினமாக இருக்கிறது என்பதெல்லாம் அந்த மேசையில் கிடைப்பதுபோல வேறெங்கும் கிடைக்காது.

ஜெர்மன், ஆஸ்திரிய குடில்களில் உறுப்பினர்களுக்கென்று "மலையேறுநர் சாப்பாடு" ஒன்று குறைந்த விலையில் இருக்கும். எளியது, வயிறு நிறையும். சுவிஸ் குடில்களில் காலையில் புறப்படும்போது குடுவையில் நிரப்பிக்கொள்ள வழித்தேநீர் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தமாகச் சமைக்கலாமா என்பது குடிலுக்குக் குடில் மாறும்.

தண்ணீர், கழிப்பறை, குளியல், மின்சாரம்?

உயரம் கூடக்கூட இவை நான்கும் குறையும். தாழ்வான குடில்களில் ஊற்றுநீர் தாராளமாக வரும். பனியாற்றுக்கு மேலே இருப்பவற்றில் பனியை உருக்கித்தான் தண்ணீர். குழாயில் வந்தாலும் "குடிக்கத் தகாதது" என்று எழுதியிருக்கும். குடிநீரைப் பாட்டிலாகவோ தேநீராகவோ வாங்க வேண்டும். அந்த விலையைப் பார்த்துப் பலர் முகம் சுளிக்கிறார்கள். அது எப்படி மேலே வந்தது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கச் சொல்வேன்.

குளியலை மறந்துவிடுங்கள். இருந்தாலும் காசு கொடுத்து வாங்கும் சில நிமிட வெந்நீர்தான். மின்சாரம் பெரும்பாலும் சூரிய ஒளியிலிருந்து. கைபேசி மின்னேற்றத்துக்கு வரிசை நிற்கும், எனவே சொந்த பவர் பேங்க் எடுத்துச் செல்லுங்கள். மான்டே ரோசா பகுதியில் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் சுவிஸ் சங்கத்தோடு சேர்ந்து, 2883 மீட்டர் உயரத்தில் புதிய குடில் ஒன்றை வடிவமைத்தது, 2009இல் திறக்கப்பட்டது. அதன் வெள்ளி நிறச் சுவரில் பதித்த சூரியத் தகடுகளே பெரும்பகுதி மின்சாரத்தைக் கொடுக்கின்றன.

உங்கள் குப்பை உங்கள் பையிலேயே கீழே இறங்க வேண்டும். ஒரு பிஸ்கட் உறையைக்கூட அங்கே விடாதீர்கள்.

நள்ளிரவு இரண்டு மணிக்கெல்லாம் ஏன் எழுப்புகிறார்கள்?

எல்லோரையும் அல்ல. நடந்து மட்டும் போகிறவர்களுக்கு ஆறரை, ஏழு மணிக்குக் காலைச் சாப்பாடு. சிகரம் ஏறுகிறவர்களுக்குத்தான் இரண்டு, மூன்று, நான்கு மணி.

காரணம் வெயில். இரவுக் குளிரில் பனி இறுகிக் கல்லாகும். அதன்மேல் கிராம்பான் நன்றாகப் பிடிக்கும். பனியாற்றின் பிளவுகளுக்குக் குறுக்கே படிந்திருக்கும் பனிப்பாலங்கள் எடை தாங்கும். பாறை இடுக்கில் உறைந்த நீர் கற்களைப் பிடித்து வைத்திருக்கும். வெயில் ஏறியதும் எல்லாம் தலைகீழ். பனி சேறாகி முழங்கால்வரை புதைகிறது, பாலங்கள் பலவீனமாகின்றன, இளகிய கற்கள் உருண்டு விழத் தொடங்குகின்றன. பிற்பகலில் இடிமழை சேர்ந்துகொள்ளும். உச்சிக்குப் போய், கடினமான பகுதிகளைத் தாண்டி, நண்பகலுக்கு முன்னே குடிலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் இரண்டு மணி வருகிறது.

தலை வலிக்கிறது, தூக்கம் வரவில்லை. உயரம்தான் காரணமா?

2500 மீட்டருக்கு மேல் தங்கும்போது தலைவலி வந்தால், வேறு காரணம் உறுதியாகத் தெரியாதவரை உயரம்தான் காரணம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குமட்டல், பசியின்மை, அசதி, விட்டுவிட்டு வரும் தூக்கம் ஆகியவையும் சேர்ந்து வரும். உடல் வலுவானவர்களுக்கு வராது என்பது தவறான நம்பிக்கை. மாரத்தான் ஓடுகிறவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்கு ஆபத்து கூடுதலாகவே இருக்கும்.

சுவிஸ், இத்தாலிய எல்லையில் சிக்னல்குப்பே சிகரத்தின் உச்சியிலேயே, 4554 மீட்டரில் மார்கரிட்டா குடில் நிற்கிறது. ஐரோப்பாவிலேயே மிக உயரத்தில் உள்ள கட்டடம் அது. 1893இல் இத்தாலிய அரசி மார்கரிட்டா தாமே மேலே வந்து திறந்துவைத்தார். இப்போதுள்ள கட்டடம் 1980இல் கட்டப்பட்டது. மின்னலிலிருந்து காக்க முழுவதும் செம்புத் தகடு போர்த்தியிருக்கிறார்கள். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் 60 சதவீதத்துக்கும் குறைவு. தண்ணீர் ஏறத்தாழ 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். இத்தாலிய உடலியல் அறிஞர் ஆஞ்சலோ மோசோ அந்த நூற்றாண்டிலேயே அங்கே ஆய்வு தொடங்கினார். உயரநோய் ஆராய்ச்சி இன்றும் அங்கே நடக்கிறது. அங்கே ஓர் இரவு தங்கி நன்றாகத் தூங்கியவர்கள் குறைவு.

செய்ய வேண்டியது இதுதான். 3000 மீட்டருக்கு மேல் போனதும், உறங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒருநாள் தங்குங்கள். பகலில் உயரே போய் இரவில் கீழே உறங்குவது நல்லது. தலைவலி இருக்கும்போது மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சில் களகளவென்று சத்தம் கேட்டாலோ அது மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்திருப்பதன் அறிகுறி. விடியும்வரை பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. பொறுப்பாளரை எழுப்புங்கள், உடனே கீழே இறக்குவதுதான் சிகிச்சை.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

டி1, டி2 வழியில் உள்ள, 2500 மீட்டருக்குக் கீழான குடிலாகப் பாருங்கள். அருகில் ஓடையும் பாறையும் இருந்தால் குழந்தைகள் மாலைவரை விளையாடிக்கொண்டே இருப்பார்கள். குடும்ப அறை உண்டா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். சின்னக் குழந்தைக்குத் தலை வலித்தால் அதைச் சொல்லத் தெரியாது. காரணமில்லாத சிணுங்கலையும் சாப்பிட மறுப்பதையும் உயரத்தின் அறிகுறியாகவே எண்ணுங்கள்.

"போகாதீர்கள்" என்று பொறுப்பாளர் சொன்னால்?

போகாதீர்கள். அவர் கோடை முழுவதும் அந்த ஒரே சரிவைப் பார்த்துக்கொண்டிருப்பவர். எந்த இடத்தில் பனி மெலிந்துவிட்டது, எந்த மேகம் எப்போது இடியாகும் என்று கைபேசி முன்னறிவிப்பைவிட நன்றாகத் தெரிந்தவர். இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு பணம் செலவழித்து, சிகரத்தைத் தொடாமல் திரும்புவதா என்ற நினைப்பு எல்லோருக்கும் வரும். அந்த நினைப்பால் மலையில் நேர்ந்த சாவுகள் ஏராளம்.

தயங்காமல் அவரிடம் கேளுங்கள். "எங்கள் அனுபவம் இவ்வளவு, எங்களிடம் இருக்கும் கருவிகள் இவை, நாளை இந்த வழியில் போகலாமா?" என்று நேராகக் கேட்டால் நேரான பதில் கிடைக்கும். அனுபவத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள்.

வழியில் ஆபத்து நேர்ந்தால் யாரை அழைப்பது?

ஐரோப்பா முழுவதும் 112. சுவிட்சர்லாந்தில் ரேகா வான்மீட்பு அமைப்பின் எண் 1414. ஆஸ்திரியாவில் மலைமீட்புக்கு 140.

கைபேசி எடுக்காத இடத்தில் ஆல்ப்ஸின் பழைய சைகை இன்றும் செல்லும். விளக்கொளி, விசில், கூச்சல், எதுவானாலும் சரி: ஒரு நிமிடத்தில் ஆறு முறை, அதாவது பத்து விநாடிக்கு ஒருமுறை, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடியும் ஆறு. பார்த்தவர் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் காட்டுவார். ஹெலிகாப்டர் வந்துவிட்டால் இரண்டு கையையும் உயர்த்தி நில்லுங்கள். "ஆம், உதவி வேண்டும்" என்று பொருள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் "வேண்டாம்". சந்தோஷத்தில் ஹெலிகாப்டரைப் பார்த்து இரு கையையும் ஆட்டக் கூடாது.

வரைபடத்தில் ஆளில்லாக் குடில்களும் தெரிகின்றனவே?

அவை அவசரப் புகலிடங்கள். மேட்டர்ஹார்னின் ஹோர்ன்லி முகட்டில், 4003 மீட்டரில் சோல்வே குடில் ஒட்டிக்கொண்டிருக்கிறது; 1915இல் கட்டியது, பத்துப் பேருக்கு இடம். மோன் பிளாங்கில் 4362 மீட்டரில் வல்லோ புகலிடம் இருக்கிறது. புயலோ காயமோ வந்தால் மட்டும் நுழைய வேண்டிய இடங்கள். அங்கே தங்கிச் சிகரம் ஏறலாம் என்று முன்கூட்டியே திட்டம் போடுவது முறையல்ல.

பருவநிலை மாற்றம் குடில்களைப் பாதிக்கிறதா?

கண்ணெதிரே பாதிக்கிறது. அலெட்ச் பனியாற்றுக்கு மேலே உள்ள கான்கார்டியா குடிலை 1877இல் கட்டியபோது, பனிப்பரப்பு சுமார் 50 மீட்டர்தான் கீழே இருந்தது. பனியாறு ஆண்டுக்கு ஆண்டு மெலிந்து இறங்க இறங்க, பாறையில் இரும்புப் படிகளைக் கீழே கீழே நீட்டிக்கொண்டே போகிறார்கள். இப்போது 400க்கும் மேற்பட்ட படிகள். நாள் முழுக்கப் பனியில் நடந்து களைத்தவர்கள், தலைக்கு மேலே குடிலைப் பார்த்துக்கொண்டே அவற்றை ஏறுகிறார்கள்.

நிரந்தரமாக உறைந்திருந்த நிலம் இளகுவதால் பாறைகளும் பிடி விடுகின்றன. பாறைச்சரிவு அபாயத்தால் சுவிஸ் சங்கத்தின் முட்ஹார்ன் குடிலை 2021இல் மூடிவிட்டார்கள். 2022 ஆகஸ்டில் வெப்ப அலையின்போது, கற்கள் ஓயாமல் உருண்டதால் மோன் பிளாங்க் பாதையின் டெட் ரூஸ், கூதே குடில்கள் இரண்டும் சில காலம் மூடப்பட்டன. சில குடில்களில் ஆகஸ்டிலேயே தண்ணீர் வற்றிவிடுகிறது. எனவே பழைய வழிகாட்டி நூலில் படித்ததை அப்படியே நம்பாமல், அந்த வாரத்து நிலவரத்தைக் குடிலுக்கே தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

குளிர்காலத்தில் குடில் திறந்திருக்குமா?

நடைப்பயணக் குடில்கள் பெரும்பாலும் ஜூன் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் கடைசிவரைதான். பனிச்சறுக்குப் பயணிகள் வரும் உயரக் குடில்கள் மார்ச் முதல் மே வரையிலும் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் பொறுப்பாளர் இருக்க மாட்டார். ஆனால் பல குடில்களில் "குளிர்கால அறை" என்று ஒன்றை விட்டுவைத்திருப்பார்கள். மெத்தை, போர்வை, அடுப்பு, விறகு, பாத்திரம் எல்லாம் இருக்கும். சுவிட்சர்லாந்தில் அதன் கதவு பொதுவாகப் பூட்டப்படுவதில்லை. ஆஸ்திரியாவில் பல இடங்களில் உறுப்பினர்கள் சங்கத்திடமிருந்து சாவி வாங்கிப்போக வேண்டும்.

அங்கே உங்களைக் கண்காணிக்க யாரும் இல்லை. சுவரில் கட்டண விவரம் ஒட்டியிருக்கும். பணத்தைப் பெட்டியில் போடுங்கள் அல்லது இறங்கிய பிறகு வங்கி வழியாக அனுப்புங்கள். பதிவேட்டில் எழுதுங்கள். கிளம்பும் முன் சாம்பலை அள்ளி, பாத்திரத்தைத் துலக்கி, போர்வையை மடித்து வையுங்கள். எரித்த விறகுக்கு ஈடாகப் புதிதாகப் பிளந்து அடுப்பருகில் அடுக்குங்கள்; அடுத்து வருகிறவர் விறைத்த கையோடு, இருட்டில் வரக்கூடும். சன்னல் பலகைகளைச் சாத்தித் தாழிட மறந்துவிடாதீர்கள். ஒரு பலகை திறந்திருந்தால் போதும், அடுத்த புயலில் அறை முழுக்கப் பனி நிரம்பிவிடும்.